சிதம்பரம் கப்பலில் வந்த தகரக் கப்பல்

அம்மாவின் கட்டிலுக்கு அடியில் ஒரு கோங் குவான் பிஸ்கட் டின் இருக்கிறது. பழைய பத்திரம் ஒன்றைத் தேடிப் போன மாதம் அதைத் திறந்தேன். பத்திரம் இல்லை. மேலே ஐந்து கல் ஆடும் துணிப் பைகள். தையல் இற்று, உள்ளே இருந்த பச்சைப்பயறு டின் முழுக்கச் சிதறிக் கிடந்தது. அதோடு ஒரு கைப்பிடி குட்டிகுட்டி. விரலால் சுண்டி எதிராளியின் பொம்மை மேல் நம்முடையதை ஏற்றிவிட்டால் இரண்டும் நமக்கே என்று ஆடுவோமே, அந்தப் பிளாஸ்டிக் யானையும் முயலும். சின்னக் குழலின் நுனியில் பசையை உருட்டி வைத்து ஊதும் பிளாஸ்டிக் பலூன் டியூப் ஒன்று, கல்லாக இறுகிப்போய். வயிற்றை அழுத்தினால் 'டிக்' என்று கத்தும் தகரத் தவளை. எல்லாவற்றுக்கும் அடியில், தமிழ் முரசுத் தாளில் சுற்றி, எங்கள் டப்டப் கப்பல்.

1982இல் பெரியப்பா ஊருக்குப் போய்த் திரும்பும்போது நாகூர் கந்தூரிக் கடையில் வாங்கி வந்தது. அவர் வந்தது சிதம்பரம் கப்பலில். சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் ஓடிய அந்தக் கப்பல் 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பிடித்தது. அதோடு அந்தப் போக்குவரத்தும் நின்றது. பெரியப்பாவின் டிரங்குப் பெட்டியில் வேட்டி சேலைகளுக்கு நடுவே, பஞ்சு சுற்றி வைத்த மாதிரி பத்திரமாக வந்து சேர்ந்தது இந்தச் சின்னக் கப்பல். அப்போது எனக்கு 8 வயது, அண்ணனுக்கு 12. நாங்கள் குவீன்ஸ்டவுனில் இருந்தோம். அப்பாயியின் அலுமினிய அண்டாவில் தண்ணீர் நிரப்பி, சமையலறைத் தரையில் வைத்து ஓட்டுவோம். அண்டா வட்டம் என்பதால் கப்பலும் சுற்றிச் சுற்றியே வரும்.

நாலைந்து நாள் ஓடியது. பிறகு ஒரு சாயங்காலம் நின்றுபோனது. புகைபோக்கி நசுங்கியிருந்ததால் அண்ணன்தான் மிதித்துவிட்டான் என்று வீடே முடிவு செய்தது. "நான் மிதிக்கல" என்றான். அப்பா ஓர் அறை விட்டார். அதற்குப் பிறகு அவன் அந்தப் பேச்சை எடுத்ததே இல்லை. நான்தான் எத்தனையோ தடவை எடுத்திருக்கிறேன், கல்யாண வீட்டில்கூட.

தாளைப் பிரித்ததும் என் மகள் கையில் வாங்கிப் பார்த்தாள். தொடக்கநிலை 4இல் படிக்கிறாள். "அப்பா, பேட்டரி எங்க போடணும்?"

பேட்டரி கிடையாது. சாவியும் ஸ்பிரிங்கும் கிடையாது. அடியில் சுழலும் விசிறியும் கிடையாது. 14 சென்டிமீட்டர் நீளத் தகர ஓடம், மேலே ஒரு கூண்டு, கூண்டுக்குள் ஒரு கொதிகலன், அதிலிருந்து பின்பக்கமாக இறங்கித் தண்ணீருக்குள் வாய் திறக்கும் இரண்டு மெல்லிய குழாய்கள். கொதிகலனுக்கு அடியில் எண்ணெய்த் திரி வைத்த ஒரு தகரக் கரண்டி. அவ்வளவுதான். திரியைக் கொளுத்தினால் டப டப டப என்று கத்திக்கொண்டு ஓடும்.

சொன்னால் நம்பவில்லை. அன்று இரவே சரிசெய்வது என்று உட்கார்ந்தேன்.

இடையில் ஒன்று. பழைய பொம்மை சேகரிக்கும் நண்பர் ஒருவரிடம் படம் அனுப்பியபோது, "கை வைக்காதீங்க. சால்டர் பட்டா மதிப்புப் போயிடும். கண்ணாடிப் பெட்டியில அப்படியே வைங்க" என்றார். அவர் சொல்வதில் நியாயம் உண்டு. சியா ஸ்திரீட்டில் உள்ள பொம்மை அருங்காட்சியகத்தில் தகரப் பொம்மைகளைக் கண்ணாடிக்குப் பின்னால் பார்த்து நின்றிருக்கிறேன். அவை அங்கே அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் இது கத்துவதற்காகச் செய்த பொம்மை. சத்தம் போனால் இதில் மிச்சமிருப்பது நூறு கிராம்கூட இல்லாத தகரம். எனவே எனக்கு நானே ஒரு விதி வைத்துக்கொண்டேன்: சாயத்தைத் தொடுவதில்லை, கழற்றிய எதையும் எறிவதில்லை, ஓட்டத்துக்கு வேண்டியதை மட்டும் மாற்றுவது.

நான் மின்தூக்கிப் பராமரிப்பு வேலையில் இருப்பவன். மின்சுற்று அட்டைகளுக்குச் சால்டர், அதாவது உருக்கி ஒட்டும் உலோகப் பற்று, வைத்துப் பழக்கம். தகர வேலை வேறு என்று பிறகுதான் தெரிந்தது.

மேல்தளம் ஓடத்தோடு ஆறு தகர நாக்குகளால் பிடித்து வைக்கப்பட்டிருந்தது. நாக்கைத் துளை வழியே நுழைத்து மடக்கிவிடுவார்கள். இந்த நாக்குகள் இரண்டு மூன்று மடக்கலுக்கு மேல் தாங்காது. ஒவ்வொன்றையும் ஒரு சொட்டு மெஷின் எண்ணெய் விட்டு அரை மணி ஊறவைத்து, தட்டையான மூக்குக் குறடால் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்தினேன். ஐந்து வந்தன. ஆறாவது ஒடிந்தது. கையுறை போட்டுக்கொண்டேன், கீழே ஈரச் செய்தித்தாள் விரித்தேன், எங்கேயும் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவில்லை. அந்தக் காலத்துப் பொம்மைச் சாயத்தில் ஈயம் இருந்தால் தூளாக்கி மூச்சில் ஏற்றிக்கொள்வதுதான் ஆபத்து. மகளை அந்த நேரம் பக்கத்தில் விடவில்லை.

மேல்தளம் கையோடு வந்ததும் ஓடத்தின் உள்பக்கம் தெரிந்தது. வெளியே சிவப்பும் மஞ்சளும். உள்ளே தங்க நிறம். அதில் தலைகீழாகப் பச்சை எழுத்து. கப்பலைத் திருப்பிப் பிடித்துப் படித்தேன்: "ல்லெண்ணெ". முன்னால் ஓர் எழுத்தும் பின்னால் ஓர் எழுத்தும் வெட்டில் போயிருந்தன. நல்லெண்ணெய் டின்! யாரோ ஒரு தொழிலாளி காலி எண்ணெய் டின்னைப் பிளந்து, தட்டி நிமிர்த்தி, அச்சுப் பக்கத்தை உள்ளே திருப்பி, வெளியே சாயம் அடித்து இதைச் செய்திருக்கிறார். மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து, "அதான் அன்னைக்கு விளக்கு ஏத்துனா நல்லெண்ணெய் வாசம் அடிச்சிச்சு" என்றார். வாசம் திரியில் ஊற்றிய எண்ணெயினுடையதாக இருந்திருக்கும். ஆனாலும் அந்த எழுத்துகளைப் பார்த்தபின் யார் மறுத்துப் பேசுவது.

அடுத்துக் கொதிகலன். பெட்டி என்று பெயரே தவிர, ஒரு வெள்ளி நாணயத்தைவிட அகலமான வட்டம், கனம் 4 மில்லிமீட்டர். அடிப்பக்கம் தகரம். மேல்பக்கம் பித்தளை, சிகரெட் பெட்டிக்குள் வரும் ஈயத்தாள் போல மெல்லியது. இந்தப் பித்தளைச் சவ்வுதான் கப்பலின் தொண்டை.

வேலை செய்யும் விதத்தைச் சொல்லிவிடுகிறேன், பழுதைப் புரிந்துகொள்ள அது வேண்டும். கொதிகலனிலும் குழாய்களிலும் தண்ணீர் நிரம்பியிருக்கும். சுடர் பட்டதும் உள்ளே கொஞ்சம் தண்ணீர் ஆவியாகி விரியும். குழாயில் இருக்கும் தண்ணீரைப் பின்னால் தள்ளும். கப்பல் முன்னால் போகும். விரிந்த ஆவி குழாயின் குளிர்ந்த பகுதியைத் தொட்டதும் மறுபடி நீராகும். உள்ளே அழுத்தம் விழும், வெளித் தண்ணீர் குழாய் வழியே உள்ளே ஏறும், சூடான தகட்டைத் தொடும், மறுபடி ஆவி. ஒரு நொடிக்குள் இது பலமுறை நடக்கிறது. ஒவ்வொரு முறையும் சவ்வு உப்பித் தாழ்கிறது. அந்த உப்பலும் தாழ்தலும்தான் டப டப.

மகள் சரியான கேள்வியைக் கேட்டாள். "தள்ளுற தண்ணியும் இழுக்குற தண்ணியும் ஒரே அளவுதானே? அப்ப கப்பல் முன்னால போயிட்டுத் திரும்பிப் பின்னால வரணும்ல?"

ஒரு மெழுகுவத்தியைக் கொளுத்தி மேசையில் வைத்தேன். ஒரு முழம் தள்ளி நின்று ஊதச் சொன்னேன், அணைந்தது. மறுபடி கொளுத்தி, அதே இடத்தில் நின்று காற்றை உள்ளே இழுத்து அணைக்கச் சொன்னேன். முகம் சிவக்க இழுத்தாள். சுடர் அசையவில்லை. வெளியே போகும்போது காற்று ஒரே திசையில் அம்பு மாதிரி பாய்கிறது. உள்ளே வரும்போது எல்லாப் பக்கத்திலிருந்தும் வருகிறது. குழாயில் தண்ணீரும் அப்படித்தான். தள்ளல் பின்பக்கமாகக் குவிகிறது, இழுப்பு நாலா பக்கமும் சிதறுகிறது. கணக்கில் முன்னோக்கிய உந்தல் மிஞ்சுகிறது.

இந்த யோசனை நூறு வருடத்துக்கும் மேல் பழையது. தாமஸ் பியோ என்ற பிரெஞ்சுக்காரர் 1891இல் பிரிட்டனில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்: ஒரு சின்னக் கொதிகலன், இரண்டு குழாய்கள். சவ்வு வைத்த வகைக்கு 1915இல் அமெரிக்காவில் விண்ணப்பித்தவர் சார்ல்ஸ் மெக்ஹ்யூ. அந்தச் சவ்வு எப்படியோ நாகூர்க் கடைத்தெரு வரை வந்து, அங்கிருந்து கப்பலேறி எங்கள் வீட்டு அண்டாவில் கத்தியிருக்கிறது.

கசிவைக் கண்டுபிடிக்கக் காய்ச்சல் மருந்துக்காகக் கிளினிக்கில் தந்த பிளாஸ்டிக் சிரிஞ்சு போதும். அதன் மூக்கில் சிறு ரப்பர் குழாய் செருகி, மறுமுனையை ஒரு குழாயில் மாட்டி, இன்னொரு குழாயை விரலால் அடைத்துத் தண்ணீருக்குள் அமுக்கிக் காற்றைச் செலுத்தினேன். செலுத்தவே முடியவில்லை. குழாய்கள் துருவும் சுண்ணாம்புப் படிவுமாக அடைத்துக் கிடந்தன. மகளின் கிட்டாரிலிருந்து அறுந்துபோய்க் கழற்றி வைத்த மெல்லிய கம்பியை நுழைத்துத் திருகித் திருகி, இடையிடையே வினிகர் விட்டு, இரண்டு இரவு எடுத்தது. செம்பழுப்பு நீர் வந்து, பிறகு தெளிந்தது. மறுபடி காற்றைச் செலுத்தினேன். சவ்வின் விளிம்பில் வரிசையாகக் குமிழி. வலக்குழாய் கொதிகலனோடு சேரும் இடத்தில் இன்னும் பெரிய குமிழி.

சவ்வில் விரிசல் இருக்கும் என்று எதிர்பார்த்துத்தான் பூதக்கண்ணாடி எடுத்தேன். விரிசல் இருந்தது, ஓரத்தில் பிறை மாதிரி. ஆனால் நசுங்கிய தடம் எதுவும் கொதிகலனில் இல்லை. நசுங்கியது புகைபோக்கி மட்டும். அது வெறும் அலங்காரத் தகரச் சுருள், கொதிகலனுக்கும் அதற்கும் தொடர்பே கிடையாது. மிதித்திருந்தால் கூண்டு முதலில் அமுங்கியிருக்கும். கூண்டு நேராக நின்றது.

அதற்குப் பிறகுதான் ஓடத்தின் தரையில் அந்தச் சொட்டைப் பார்த்தேன். கடுகைவிடக் கொஞ்சம் பெரியது, சாம்பல் நிறம், நகத்தால் கீறினால் பளபளத்தது. ஈயம். கொதிகலனின் விளிம்புப் பற்று உருகி விழுந்திருக்கிறது. சொட்டுக்கு ஒரு வால் இருந்தது, கப்பலின் மூக்கை நோக்கி நீண்டு.

இந்த மாதிரித் தகர வேலைக்கு வைக்கும் ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்று 183 டிகிரி செல்சியஸில் இளகத் தொடங்கும். திரிச் சுடரின் சூடு அதைவிடப் பல மடங்கு. ஆனாலும் உள்ளே தண்ணீர் இருக்கும்வரை தகடு 100 டிகிரியைத் தாண்டி அதிகம் ஏறாது. தண்ணீர் சூட்டை வாங்கிக்கொண்டே இருக்கும். குழாயின் வாய் தண்ணீருக்குள் இருக்கும்வரை கொதிகலன் வற்றாது. எரியும்போதே கப்பலைத் தண்ணீரிலிருந்து தூக்கினால் மட்டும், அடுத்த இழுப்பில் தண்ணீருக்குப் பதில் காற்று ஏறும். சில நொடியில் கொதிகலன் காய்ந்துவிடும். பற்று உருகும். தூக்கியவர் மூக்கைக் கீழே சாய்த்துப் பிடித்திருந்தால் சொட்டு மூக்குப் பக்கம் ஓடும்.

அப்பாயிக்கு அப்போதே இடுப்பு வலி. தரையில் உட்கார மாட்டார், நாற்காலியில்தான் இருப்பார். "உள்ள எப்படிடா எரியுது, காட்டு" என்று கேட்டார். இரண்டு கையாலும் கப்பலைத் தூக்கிக்கொண்டு போய், கூண்டுக்குள் எரியும் சுடர் தெரியட்டும் என்று முன்னால் சாய்த்து அவர் முகத்துக்கு நேரே நீட்டியது நான். அந்தக் காட்சி எனக்கு எப்போதும் நினைவில் இருந்தது. திரும்பத் தண்ணீரில் வைத்தபோது அது ஓடவில்லை என்பதைத்தான் அதோடு சேர்த்து நினைக்காமல் இருந்திருக்கிறேன். பூதக்கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டு வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

அந்தச் சொட்டைச் சுரண்டி எடுக்கவில்லை. இன்னும் ஓடத்துக்குள்ளேயே இருக்கிறது.

புதுக் கொதிகலன் செய்வது என்று முடிவாயிற்று. பழையதைத் தீப்பெட்டியில் போட்டுப் பத்திரப்படுத்தினேன். முன்பாக இருந்தால் இந்த மாதிரித் துண்டுதுணுக்குகளுக்குச் சுங்கை ரோடு பழைய சாமான் சந்தைக்கு ஒரு நடை போயிருப்பேன். அது 2017 ஜூலை 10ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. புளோக்குக்குக் கீழே கோப்பிக்கடையில் கெட்டிப்பால் டின் ஒன்று கேட்டேன். பானம் கலக்கும் அங்கிள் கழுவியே கொடுத்தார். ஒரு காலத்தில் அந்த டின்னில்தான் கோப்பி ஊற்றி, கயிறு கட்டிக் கையில் தொங்கவிட்டுக் கொடுப்பார்கள். எண்ணெய் டின்னில் பிறந்த கப்பலுக்குப் பால் டின்னில் கொதிகலன் என்பது எனக்குப் பொருத்தமாகவே பட்டது. அச்சடித்த பக்கத்தை உள்ளே திருப்பிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன், அந்தத் தொழிலாளி செய்த மாதிரி. ஆனால் கொதிகலனுக்குள் அச்சு மை கூடாது. தேய்த்து வெள்ளைத் தகரமாக்கினேன்.

சவ்வுக்கு மூன்று முயற்சி.

முதலில் குளிர்பானக் கேனின் அலுமினியம். கத்தரியால் வெட்ட வரும், காசு செலவில்லை. ஆனால் அலுமினியத்தில் சாதாரணச் சால்டர் பிடிக்காது. ஐந்து நிமிட எபாக்சி பசை போட்டு ஒட்டினேன். அருமையாகக் கத்தியது, மூன்று நிமிடம். பிறகு சூட்டில் பசை இளகி ஓரம் பிரிந்தது.

அடுத்து 0.1 மில்லிமீட்டர் பித்தளைத் தகடு. ஜாலான் புசார் பக்கம் இரும்புச் சாமான் கடையில் கிடைத்தது. சால்டர் நன்றாகப் பிடித்தது, கசிவில்லை, கப்பலும் ஓடியது. சத்தம் மட்டும் இல்லை. தகடு விறைப்பு, உப்ப மறுக்கிறது. ஹாலில் ஊமையாக நகரும் கப்பலைப் பார்த்து அம்மா, "இது அது இல்லடா" என்றார். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

மூன்றாவது 0.05 மில்லிமீட்டர் பித்தளை. மூச்சு விட்டால் பறக்கும். இதைத் தட்டையாகவே ஒட்டியபோதும் முணுமுணுப்புதான் வந்தது. என்ன குறை என்று யோசித்துக்கொண்டிருந்த நேரம் மகள் பக்கத்தில் உட்கார்ந்து அந்தத் தகரத் தவளையை அழுத்திக்கொண்டிருந்தாள். டிக். டிக். டிக். வாங்கிப் பார்த்தேன். தவளையின் வயிற்றில் இருக்கும் எஃகுப் பட்டை தட்டையாக இல்லை, நடுவில் சின்னக் குழி தட்டியிருக்கிறது. அழுத்தினால் குழி சட்டென்று மறுபக்கம் புரள்கிறது; அந்தப் புரளலில்தான் சத்தம் பிறக்கிறது. மெல்ல வளையும் தகடு பேசாது, சட்டென்று புரளும் தகடுதான் பேசும். புதுத் துண்டு வெட்டி, காய்கறிப் பலகையில் நாலாக மடித்த துணி விரித்து, அதன்மேல் வைத்துக் குழிக்கரண்டியின் அடிப்பாகத்தால் வட்டமாக அமுக்கித் தேய்த்தேன். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத அளவு ஒரு வயிறு விழுந்தது. விரலால் தொட்டால் உள்ளே போய் 'டப்' என்று திரும்பியது.

சால்டர் வேலையில் இரண்டு தவறு செய்தேன். முதல் தவறு பிளக்ஸ், சால்டர் பிடிப்பதற்காக முதலில் பூசுவது. மின்சுற்று வேலைக்கு வைத்திருந்த ரோசின் பிளக்ஸ் பழைய குழாயின் துருத் தடத்தில் பயன்படவில்லை. சால்டர் தாமரை இலைத் தண்ணீராய் உருண்டு ஓடியது. துத்தநாகக் குளோரைடு பிளக்ஸ் பூசியதும் தகரத்தில் சால்டர் வழுவழுவென்று பரவியது. அது அமிலத்தன்மை உள்ளது; புகையை மூச்சில் இழுக்கக் கூடாது, சன்னலைத் திறந்துவைத்து விசிறி போட்டுக்கொள்ள வேண்டும். வேலை முடிந்ததும் சமையல் சோடா கரைத்த நீரில் கழுவாவிட்டால் அந்த இடமே ஒரு வாரத்தில் துருப்பிடிக்கும். குழந்தை தொடப்போகும் சாமான் என்பதால் ஈயம் கலக்காத சால்டர் கம்பியைத்தான் எடுத்தேன், வெள்ளீயமும் செம்பும் கலந்தது. 227 டிகிரியில் உருகும். சூட்டுக்கோலைக் கூடுதலாகப் பிடித்து நிற்க வேண்டும்.

இரண்டாவது தவறு வரிசை. சவ்வை அழகாக ஒட்டிவிட்டுப் பிறகு குழாய்களைப் பற்றவைக்கப் போனேன். குழாய்க்குக் கொடுத்த சூடு தகடு முழுக்கப் பரவி, சவ்வின் ஓரம் என் கண்ணெதிரே எழும்பி மடங்கியது. பாதி இரவு வேலை போயிற்று. குழாய்கள் முதலில், சவ்வு கடைசியில் என்று மாற்றினேன். சவ்வு ஒட்டும்போது குழாய் மூட்டுகளில் ஈரப் பஞ்சு சுற்றிவிட்டேன். சூடு அங்கே போகாது. துணி காயப்போடும் மரக் கிளிப் நான்கு விளிம்பைப் பிடித்துக்கொண்டன. ஒடிந்த ஆறாவது நாக்குக்குப் பதில் ஒரு முடி கனச் செம்புக் கம்பியை நுழைத்து முறுக்கினேன். விரும்பினால் யாரும் நாளைக்கு அவிழ்த்துவிடலாம்.

சனிக்கிழமை ராத்திரி குழந்தைகளுக்கான காற்றடைத்த குளத்தை ஹாலில் விரித்து ஒரு சாண் தண்ணீர் விட்டோம். சிரிஞ்சால் ஒரு குழாயில் தண்ணீர் ஏற்றினேன், மறு குழாயில் குமிழியில்லாமல் வழியும்வரை. இதைப் பொறுமையாகச் செய்ய வேண்டும்; உள்ளே காற்று தங்கினால் கப்பல் எழுந்திருக்காது. தேக்காவில் வாங்கிய விளக்குத் திரியைத் தேங்காயெண்ணெயில் நனைத்துக் கரண்டியில் வைத்துக் கொளுத்திக் கூண்டுக்குள் தள்ளினேன்.

அரை நிமிடம் ஒன்றுமில்லை. பிறகு 'டொக்'. இன்னொரு 'டொக்'. நின்றது.

சுடர் பெரிது. பின்பக்கக் குழாய் தொட முடியாதபடி சுட்டது. உள்ளே வந்த ஆவி குளிரவே இடமில்லை. திரியை நீளவாக்கில் பிரித்துப் பாதியாக்கினேன், மறுபடி தண்ணீர் ஏற்றினேன், மறுபடி கொளுத்தினேன். டொக். டொக் டொக். கப்பல் உடம்பைச் சிலிர்த்தது போல ஒரு நடுக்கம், தண்ணீரில் மெல்லிய வளையங்கள், அதன்பின் ஒரே மூச்சாக டபடபடபடப என்று கிளம்பிவிட்டது. மகள் கத்திய கத்தில் எதிர்வீட்டு மலாய்க்கார ஆண்ட்டி கதவைத் திறந்து பார்த்து, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளேயே வந்து உட்கார்ந்தார். ஒன்றரை மீட்டர்க் குளத்தை 9 நொடியில் கடந்தது. கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்து போகிறது, இடக்குழாயின் வாய் ஒரு மயிரிழை உள்நோக்கி வளைந்திருக்கிறது. 11 நிமிடம் ஓடியது. கடைசிவரை நான் கையை மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். சுடர் அணைந்து, குழாய் ஆறிய பிறகுதான் எடுத்தேன். மகளுக்கும் அதைத்தான் முதல் பாடமாகச் சொல்லியிருக்கிறேன். பெரியவர்கள் இல்லாமல் கொளுத்தக் கூடாது என்பது இரண்டாவது.

அம்மா ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அவரிடம் ஈயச் சொட்டைப் பற்றி முந்தின நாளே சொல்லியிருந்தேன். "உங்கப்பா அவன அடிச்சிருக்க வேணாம்" என்று மட்டும் சொன்னார்.

இரண்டாவது ஓட்டத்தின்போது ஜூரோங் வெஸ்ட்டில் இருக்கும் அண்ணனுக்குப் போன் போட்டேன். ஒன்றும் சொல்லாமல் கைப்பேசியைத் தண்ணீர்ப் பக்கம் பிடித்தேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் பேச்சே இல்லை. கப்பல் ஒரு சுற்று வந்துவிட்டது.

"நம்ம கப்பலாடா?"

"ஆமாண்ணே. அண்ணே, அது வந்து..."

"எரியறப்போ தண்ணியிலேருந்து தூக்கிடாத" என்றான்.

அவனுக்குத் தெரிந்திருக்கிறது. அன்றைக்கே பார்த்திருக்கிறான். அப்பாயி கேட்டுத்தான் நான் தூக்கினேன் என்பதும் தெரியும். எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன், குரல் சரியாக வரவில்லை. "விடு, விடு" என்றவன், எந்தத் திரி போட்டாய், எண்ணெய் என்ன, சவ்வு எங்கே கிடைத்தது என்று முக்கால் மணி நேரம் கேட்டுக்கொண்டிருந்தான்.

வரும் சனிக்கிழமை பேரனைத் தூக்கிக்கொண்டு வருகிறான். அதற்குள் இடக்குழாயின் வாயை நேராக்க வேண்டும். வலப்பக்க மூட்டில் ஒரு மணி நேரம் கழித்து ஒரு துளி ஈரம் தெரிகிறது, அங்கே இன்னொரு பூச்சுச் சால்டர். பாதியாகப் பிரித்த திரிகள் பன்னிரண்டு தயார். அப்பாயியின் அண்டா அக்கா வீட்டில் இருக்கிறது, வெள்ளிக்கிழமை போய் வாங்கி வரவேண்டும்.